‘முழுக்க வெல்ஷ்’ முகாமுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸின் வடக்கில் ஐந்து நாள் தங்கி, அந்த நாட்டு மொழியான வெல்ஷ் படிக்கும் முகாம். விளம்பரத்தில் ‘காலை முதல் இரவு வரை வெல்ஷ் மட்டுமே, 30 மணி நேரப் பயிற்சி’ என்று போட்டிருந்தார்கள். பாதிப் பணம் முன்பணம். மீதியை வங்கிப் பரிமாற்றமாக மட்டும்தான் வாங்கினார்கள், அட்டை செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். போனவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதை விவரமாகவே எழுதுகிறோம், ஏனென்றால் இதே அச்சில் வேறு முகாம்களும் நடக்கின்றன.

அந்த 30 மணி நேரத்தில் தேநீர் இடைவேளை, மதியச் சாப்பாடு, கேனார்வன் கோட்டை உலா எல்லாம் அடக்கம். கோட்டையைச் சுற்றிக் காட்டியது ஆங்கிலத்தில். சமையலறையில் இருந்தவர்களுக்கு வெல்ஷ் தெரியாது. உப்பு வேண்டும் என்று ‘கா இ ஹாலென்?’ என்று கேட்டவருக்கு, ‘சாரி?’ என்றுதான் பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்த மேசையில் யாரும் வெல்ஷில் வாய் திறக்கவில்லை. வகுப்புக்குள் உண்மையாக வெல்ஷ் புழங்கியது ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் இருந்தாலே அதிகம்.

இதற்கு ஆசிரியரின் சோம்பல் காரணமில்லை. ஒரே அறையில் நேற்று ஆரம்பித்தவரையும் மூன்று வருடம் படித்தவரையும் உட்கார வைத்ததுதான் காரணம். ஆரம்ப நிலைக்காரருக்குப் புரியவில்லை என்றதும் ஆசிரியர் ஆங்கிலத்துக்கு இறங்குவார். ஒருமுறை இறங்கினால் ஏறுவது கடினம். மூழ்கிப் படிக்கும் முறை, அதாவது முழுநேரமும் அந்த மொழியிலேயே புழங்கிப் படிப்பது, செத்துப்போவது இந்த இடத்தில்தான். ஆகவே சேரும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எந்த நிலை?’ என்பது. வேல்ஸில் பெரியவர்களுக்கான படிப்பில் ஆரம்ப நிலை மனெத்யாட், அது ஐரோப்பிய மொழித்திறன் அளவில் ஏ1. அடுத்து சல்வைன் ஏ2, கனோல்ரத் பி1, இயூக் பி2. இந்தப் பெயர்களில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் ‘எல்லா நிலைக்கும் ஏற்றது’ என்று மட்டும் போட்டிருந்தால் விலகிவிடுங்கள். ஸ்லீன் தீபகற்பத்தில் பழைய கல்குவாரிக் கிராமமான நான்ட் க்வர்தெய்ர்னில் 1982 முதல் வகுப்பு நடக்கிறது. அங்கே நிலை பார்த்துத்தான் ஆள் சேர்க்கிறார்கள். ஒழுங்கான முகாம் எப்படி இருக்கும் என்பதற்கு அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி, வட வேல்ஸ் பேச்சா தென் வேல்ஸ் பேச்சா? அந்த முகாமில் கொடுத்த நகல் தாள்கள் தெற்குப் புத்தகத்திலிருந்து எடுத்தவை, ஆசிரியரோ வடக்கத்திக்காரர். தாளில் ‘இப்போது’ என்பதற்கு ‘நவ்ர்’, ஆசிரியர் வாயில் ‘ருவான்’. தாளில் பால் ‘ஸ்லைத்’, கடையில் ‘ஸ்லெவ்ரித்’. தாளில் ‘அவன்’ ‘வே’, ஆசிரியருக்கு ‘வோ’. வெல்ஷ் பேசுபவர்களுக்கு இரண்டு பேச்சும் புரியும், நீங்கள் சொன்னதை விளங்கிக்கொள்வார்கள். ஆனால் புதிதாகப் படிப்பவருக்குத் திரும்பி வரும் பதில் பிடிபடாது. அதிகாரப்பூர்வப் பாடப்புத்தகங்கள் வடக்கு, தெற்கு என இரண்டு பதிப்பாகத்தான் வருகின்றன. எந்தப் பதிப்பு என்று கேட்டு, அதையே முன்கூட்டி வாங்கிப் படியுங்கள்.

மூன்றாவதாக, மணிவாரியான கால அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். எந்தெந்த மணி வெல்ஷில், உலாவுக்கு யார் வருகிறார், சாப்பாட்டு மேசையில் யார் உட்காருகிறார் என்று அதில் இருக்க வேண்டும். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவை பற்றி விற்பவர் சொன்னதை நம்பி நீங்கள் முடிவெடுத்திருந்தால் அது ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். மின்னஞ்சலில் வந்த பதில் பின்னால் கையில் ஆதாரமாக நிற்கும்.

முகாம் நல்லதாகவே இருந்தாலும் தயாராகாமல் போனால் காசு வீண். ஆறு வாரம், தினம் இருபது நிமிடம் போதும். முதலில் ஒலி. ‘அது’வில் வரும் த ஒலி வெல்ஷில் இரட்டை டி (dd), அது நமக்குச் சுலபம். இரட்டை எல் (ll) தான் மல்லுக்கட்டும்: நாக்கை ‘ல்’ சொல்லும் இடத்தில் வைத்து, குரல் எழுப்பாமல் பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும். மேலே ‘ஸ்ல’ என்று எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒலிதான், தமிழில் அதற்கு எழுத்தில்லை.

அடுத்து முதலெழுத்து மாற்றம்: முன்னால் வரும் சொல்லைப் பொறுத்து ஒரு சொல்லின் முதலெழுத்து மாறும். எல்லையில் ‘க்ரொய்சோ இ கம்ரி’, அதாவது வேல்ஸுக்கு நல்வரவு என்று பலகை நிற்கும். அதில் நாட்டின் பெயர் ஜி எழுத்தில் தொடங்கும். அகராதியில் ஜி பக்கத்தில் தேடினால் கிடைக்காது, சி பக்கத்தில் இருக்கும். பாங்கொர் ஊருக்குப் பேருந்து கேட்கும்போது ‘இ வாங்கொர்’, பாங்கொரில் இருக்கும்போது ‘அம் மாங்கொர்’. ஜி-யில் தொடங்கும் சொல்லில் அந்த எழுத்தே காணாமல் போவதும் உண்டு: தோட்டம் ‘கார்த்’, அந்தத் தோட்டம் ‘அர் ஆர்த்’. உயிரெழுத்தில் தொடங்கும் சொல் அகராதியில் இல்லையென்றால் முன்னால் ஒரு ஜி போட்டுத் தேடுங்கள். ‘கல்’லிலும் ‘தங்க’த்திலும் ஒரே க வேறு வேறாக ஒலிப்பது நம் காதுக்குப் பழக்கம்தான். அவர்கள் அந்த மாற்றத்தை எழுத்திலும் காட்டிவிடுகிறார்கள்.

சுமார் முப்பது வாக்கியம் மனப்பாடமாக இருக்கட்டும். ‘பெத் அதி ஹூன் அன் கம்ராய்க்?’, அதாவது இதற்கு வெல்ஷில் என்ன என்ற கேள்வி தெரிந்தால் ஆங்கிலத்துக்குத் தாவ வேண்டியிருக்காது. டியோலிங்கோவின் வெல்ஷ் பாடம் 2023-க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை, அதை மட்டும் நம்பாதீர்கள். தேசிய வெல்ஷ் கற்றல் மையத்தின் இலவச இணையப் பாடங்கள் இருக்கின்றன.

பணம் கட்டுவதைப் பற்றி: கடன் அட்டையில் கட்டுங்கள். மொத்தக் கட்டணம் 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் அட்டை நிறுவனத்திடமே இழப்பீடு கேட்கலாம். முன்பணத்தை மட்டும் அட்டையில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் அது செல்லும். இணையத்தில் வாங்கினால் 14 நாளில் ரத்து செய்யலாமே என்று நம்பி இருக்க வேண்டாம். தேதி குறித்த தங்குமிடத்துக்கும் பொழுதுபோக்குச் சேவைக்கும் அந்த உரிமை கிடையாது.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்களிடம் ‘குறுகிய காலப் படிப்பு விசாவுக்குக் கடிதம் தருகிறோம்’ என்று தனியாகப் பணம் கேட்டால் அது மோசடி. அந்த விசா ஆங்கிலம் படிக்க வருபவர்களுக்கு மட்டும். பொழுதுபோக்காக 30 நாள் வரை படிக்க சுற்றுலா விசாவே போதும்.

முகாமில் இருக்கும்போதே ஏமாற்று என்று தெரிந்தால் கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். முதல் நாள் மாலையே நிலை வாரியாகப் பிரிக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். தினமும் எத்தனை மணி வெல்ஷ் நடந்தது என்று குறித்து, கூட இருப்பவர்களிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். அந்தத் தாளை அட்டவணையோடு சேர்த்து, நடக்காத மணிக்குரிய தொகையைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் 10,000 பவுண்டு வரையிலான வழக்குகளைச் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே போடலாம்.