செராம்பூர்க் கல்லூரியும் கேரி நூலகமும்: சென்று பார்க்கலாமா?

கொல்கத்தாவை அடுத்த ஹவுராவிலிருந்து புறநகர் ரயிலில் செராம்பூருக்குச் சென்று, ஹூக்ளி ஆற்றங்கரையில் உயர்ந்த தூண்களோடு நிற்கும் இக்கல்லூரியைக் காண்பவர்கள், அதன் வளாகத்திலுள்ள கேரி நூலகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் அரை நாளேனும் ஒதுக்க வேண்டும். பழைய வேதாகம மொழிபெயர்ப்புகளை அவசரமாகப் பார்க்க மனம் வராது.

வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு என்னும் மூன்று பாப்டிஸ்ட் மிஷனரிகள் 1818இல் இக்கல்லூரியைத் தொடங்கியபோது, கிறிஸ்தவரல்லாத மாணவர்களுக்கும் இடமளித்து, கீழைத்தேய இலக்கியத்தையும் மேலை அறிவியலையும் சேர்த்தே கற்பிக்க முனைந்தார்கள். நற்செய்திப் பணிக்கென வந்தவர்களின் இந்த விரிந்த மனம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஊர் அப்போது டென்மார்க்கின் வசம் இருந்ததால், பட்டம் வழங்கும் உரிமையை 1827இல் அளித்தவர் டேனிஷ் மன்னர் ஆறாம் பிரெடரிக். 1845இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறிய பின்னும் அவ்வுரிமை காக்கப்பட்டது. ஆயினும் முதல் இறையியல் பட்டங்கள் 1915இல்தான் வழங்கப்பட்டன.

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் இறையியல் பட்டங்களை வழங்கும் அமைப்பான செராம்பூர் செனட்டுடன் இணைந்ததே என்பதால், ஊழியத்துக்குப் படிக்கும் நம் மாணவர்களுக்கு இப்பயணத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன். நூலகத்தில் ஆய்வு செய்ய விரும்புவோர் முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்டுச் செல்வது நல்லது.