இம்பேக்ட் ரெஞ்ச்சுடன் நான்கு வருடம்

நட், போல்ட்டுகளைச் சுத்தியல் போல அடித்து முடுக்கவும் கழற்றவும் உதவும் பேட்டரிக் கருவியான கார்டுலெஸ் இம்பேக்ட் ரெஞ்ச் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. 18 வோல்ட், அரை அங்குலச் சதுர முனை (நட்டின் தலையைக் கவ்வும் சாக்கெட் இதில்தான் மாட்டும்), கார்பன் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார். முடுக்க 400, கழற்ற 650 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) என்று பெட்டியில் போட்டிருந்தது. வீட்டுக் காரின் சக்கரங்கள், சஸ்பென்ஷன் போல்ட்டுகள், ஸ்கூட்டரின் கிளட்ச் நட், புல்வெட்டியின் பிளேடு என்று நான் அடிக்கடி வேலை வாங்கிய கருவி இது. மோட்டார் இன்றும் குறையில்லாமல் ஓடுகிறது. ஆனால் நான் அதைப் பிடிக்கும் விதம் முதல் வருடத்தோடு மாறிவிட்டது.

மாறியதற்குக் காரணம் ஓர் உடைந்த ஸ்டட், அதாவது சக்கர நட் ஏறும் மரைக் கம்பி. வாங்கிய புதிதில் சக்கர நட்டுகளையும் இதனாலேயே முடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று, நான்கு நொடி. 'டக டக' என்ற சத்தம் வந்ததும் இறுகிவிட்டது என்று நம்பி விட்டுவிடுவேன். சில மாதம் கழித்து ஓர் இரவு வழியில் பஞ்சர். காரோடு வந்த வீல் ஸ்பேனரால் ஒரு நட்டும் அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தேன். மூன்று கழன்றன, நான்காவது ஸ்டட்டோடு முறிந்தது. என் காருக்குக் கையேடு சொல்லும் அளவு 110 நியூட்டன் மீட்டர்தான். நான் ஏற்றியிருந்தது எவ்வளவு என்று கணக்கிட எனக்கு வழியே இருக்கவில்லை.

ஏன் தெரியவில்லை என்பது கருவியின் உள்ளமைப்பைப் பார்த்தால் புரியும். உள்ளே ஒரு சுழலும் சுத்தியல், அதற்கு முன்னால் சாக்கெட் மாட்டும் அடைகல், பின்னால் ஒரு ஸ்பிரிங். நட் லேசாகச் சுற்றும்வரை எல்லாம் ஒன்றாகச் சுழலும். நட் முரண்டு பிடித்தால் சுத்தியல் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பின்வாங்கி, விடுபட்டு, அடைகல்லை ஓங்கி அறையும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அறைகள். ஒவ்வொன்றும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவதால் அந்த விசை நம் மணிக்கட்டுக்குத் திரும்பி வருவதில்லை. டிரில்லில் இதே விசை இருந்தால் கையை முறுக்கிவிடும். கை நோகாமல் இருப்பது இதன் பெரிய வசதி. அதே காரணத்தால்தான் நட் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதும் கைக்குத் தெரிவதில்லை. 1, 2, 3 என்று பொத்தானில் இருக்கும் வேக நிலைகளை அளவுகோலாக நினைக்க வேண்டாம். பேட்டரியின் சார்ஜ், மரையில் உள்ள துரு, சாக்கெட்டின் நீளம் எல்லாமே கடைசி இறுக்கத்தை மாற்றும்.

ஆகவே இப்போது என் வழக்கம் இது. ஜாக்கியை உயர்த்துவதற்கு முன், சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் கால் சுற்று தளர்த்துகிறேன். திரும்ப மாட்டும்போது எல்லா நட்டையும் விரலால் மூன்று, நான்கு சுற்று ஏற்றிவிட்ட பிறகே கருவியை எடுக்கிறேன். மரை குறுக்கே ஏறியிருந்தால் விரல் உடனே சொல்லிவிடும், இம்பேக்ட் சொல்லாது. கோணலாகவே உள்ளே அடித்து ஏற்றிவிடும். பிறகு மிகக் குறைந்த வேகத்தில் நட் உட்காரும்வரை மட்டும். சக்கரத்தை இறக்கி, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச்சால் எதிரெதிராக நட்சத்திர வரிசையில் 110. நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை. சக்கர ஸ்டட்டில் எண்ணெய் தடவுவதில்லை. உராய்வு குறைந்தால் அதே 110-க்கு ஸ்டட் கூடுதலாக இழுபடும்.

கழற்றுவதில்தான் இதன் அருமை. துருப்பிடித்த சஸ்பென்ஷன் போல்ட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து, பொறுத்திருந்து, மூன்று நொடி அடி, நிறுத்தம், மறுபடி அடி. வராவிட்டால் முடுக்கும் திசையில் ஒரு சின்னத் தட்டு, பின் கழற்றும் திசையில். துருவின் பிடி பெரும்பாலும் இதில் உடைந்துவிடுகிறது. ஒருமுறை, முனைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் கம்பியோடு எவ்வளவு அடித்தும் அசையாத போல்ட், கம்பியை எடுத்துவிட்டு சாக்கெட்டை நேராக மாட்டியதும் இரண்டாவது அடியில் கழன்றது. நீளமான கம்பி முறுக்கேறி அடியின் வேகத்தை விழுங்கிவிடுகிறது. பத்து நொடி அடித்தும் அசையவில்லை என்றால் நிறுத்திவிட்டு நீளக் கைப்பிடிக் கம்பியை எடுப்பேன். 6 மி.மீ. போல்ட்டுகள் பக்கம் இதைக் கொண்டுபோவதே இல்லை. அவை தாங்குவது 10 நியூட்டன் மீட்டர் அளவுதான்.

சாக்கெட் விஷயத்தில் சமரசம் வேண்டாம். கைக்கருவிப் பெட்டியில் இருக்கும் பளபளப்பான குரோம் சாக்கெட் கடினமானது, சுவர் மெல்லியது; அடி தாங்காமல் வெடிக்கலாம். கறுப்பு நிற, தடித்த இம்பேக்ட் சாக்கெட், அதிலும் ஆறு முனை உள்ளதை மட்டும் வாங்குங்கள். பன்னிரண்டு முனை உள்ளது நட்டின் மூலையைத் தேய்த்துவிடும்.

பேட்டரி: 18 வோல்ட், 20 வோல்ட் என்று இரு பெயரில் விற்பது ஒன்றேதான். ஐந்து செல், ஒவ்வொன்றும் 3.6, மொத்தம் 18. முழு சார்ஜில் செல்லுக்கு 4.2 ஆகும்போது 21. என்னிடம் 2 ஏஎச், 5 ஏஎச் (ஆம்பியர் மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) இரண்டும் உண்டு. பெரியதைப் போட்டால் அடியே கனமாக விழுகிறது, ஏனென்றால் அதில் செல்கள் இரண்டு வரிசையாக மின்னோட்டத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. சின்னது இப்போது தளர்ந்துவிட்டது. சூடாக இருக்கும்போதே சார்ஜரில் சொருகிய என் பழக்கமும் அதற்கு ஒரு காரணமாக இருக்கும். இப்போது ஆறவிட்டுத்தான் போடுகிறேன்.

சக்கர வளைவுக்குள் தலையை நீட்டி அடிக்கும்போது வரும் சத்தம் கொடுமையானது. காதடைப்பான் இல்லாமல் விசைப்பொத்தானைத் தொடுவதில்லை. கண்ணாடியும் அப்படியே, துருவின் துகள்கள் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. தொளதொளப்பான பருத்திக் கையுறை வேண்டாம், சுழலும் சாக்கெட் அதைச் சுருட்டிக்கொள்ளும். சாக்கெட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுகிறேன்.

அதிர்வைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு விதி, கைக்கு வரும் அதிர்வு எட்டு மணி நேரச் சராசரியாக 2.5 மீ/நொடி² என்ற அளவை எட்டினாலே முதலாளி தடுப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 5-ஐத் தாண்டவே கூடாது. அதிர்வு 10 உள்ள கருவி என்றால், விசைப்பொத்தானை அழுத்தும் நேரம் மட்டும் அரை மணி ஆனாலே அந்த முதல் அளவு வந்துவிடும். வீட்டில் நான் அதை எட்டுவதில்லை. பட்டறையில் நாள் முழுக்க இதைப் பிடிப்பவர்கள் எட்டிவிடுவார்கள். விரல் நுனி வெளுத்து மரத்துப்போனால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான்கு வருடத்தில் நான் மாற்றிய ஒரே உதிரி, சதுர முனையில் சாக்கெட்டைப் பிடித்துவைக்கும் வளையம். தேய்ந்துபோய், தலைகீழாகப் பிடித்தால் சாக்கெட் தானாகக் கழன்று விழ ஆரம்பித்தது. புது வளையத்தை மாட்ட ஐந்து நிமிடம் ஆனது.