சைக்கிளை விற்றுவிட்டு வலிக்கு மருந்தும் விற்றார்கள்

ராமேஸ்வரம் போகும் வழியில், பாம்பன் பாலத்துக்கு முன்னால் உள்ள மண்டபம் என்ற ஊரில் இருக்கிறேன். வயது 44, உயரம் ஐந்தடி நாலங்குலம். உயரத்தை எதற்குச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும், காலையில் பாம்பன் பாலம் வரை சைக்கிளில் போய்வருவது என்று முடிவு செய்தேன். போன தை மாதம் ராமநாதபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் வருகிறது.

16,800 ரூபாய்க்கு ஒரு கியர் சைக்கிள். காலை இருபுறமும் ஊன்றி நின்றால் பார் கம்பி இடித்தது. "அண்ணே, கியர் சைக்கிள்னா அப்படித்தான். சீட்டை இறக்கிட்டா சரியாப் போயிரும்" என்றார் கடைப் பையன். அடிமட்டம் வரை இறக்கியும் கொடுத்தார்.

முதல் வாரமே உள்ளங்கை மரத்துப்போனது. கடையில் கேட்டால், கிளவுஸ் போடணுமாம்: 550. பின்பக்கம் வலித்தது, ஜெல் கவர்: 650. அதுவும் போதாமல் பேடு வைத்த ஷார்ட்ஸ்: 1,400. (அதை ஜட்டி இல்லாமல் போடவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே ஜட்டி, மேலே கைலி, தெருமுனை தாண்டியதும் கைலியைச் சுருட்டிப் பையில் வைப்பேன். தொடை உரசிப் புண்ணானதுதான் மிச்சம்.) அப்புறம் ஹேண்டில் எட்டவில்லை என்று அதன் கழுத்தை மாற்றிக் குட்டையாகப் போட்டார்கள், கூலியோடு 1,200. இது போக, கடல்காற்றுக்குத் துரு பிடிக்காத கோட்டிங் என்று இன்னொரு 1,200. மூன்றே வாரத்தில் போல்ட்டுகள் எல்லாம் சிவந்துவிட்டன. அது வெறும் பாலிஷ். மண்டபத்தில் இருபுறமும் கடல்; ஓட்டி வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் போனபின் செயினுக்கு மட்டும் எண்ணெய் விடுவதுதான் இங்கே கோட்டிங்.

ஆக வண்டிக்கு மேல் சரியாக ஐயாயிரம். இதற்கு நடுவே தொடங்கிய முழங்கால் முன்பக்க வலி மட்டும் போகவே இல்லை. ஆனி பிறந்து தெற்கேயிருந்து வீசும் சோழகக் காற்று வந்ததும் நிலைமை மோசமானது. பாம்பன் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல், காற்று பக்கவாட்டில் அறைகிறது, நானோ ஹேண்டிலை எட்டிப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகிறேன். ஒரு நாள் பஸ் கடந்த வேகத்தில் கைப்பிடிச் சுவரோரம் தள்ளப்பட்டேன்.

உண்மை தெரிந்தது ஒரு கருவமுள்ளால். உச்சிப்புளி பக்கம் பஞ்சர். சாலையோரத்தில் பஞ்சர் ஒட்டும் பெரியவர் வண்டியைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது யாரு வண்டி?" என்றார். என்னுடையதுதான் என்றேன். இரண்டு பெடலும் சேர்ந்து சுழலும் நடு அச்சிலிருந்து சீட் குழாயின் வாய் வரை டேப்பால் அளந்தார். 19 அங்குலம். "இது ஆறடி ஆளுக்கு. உங்களுக்குப் பதினாறே தாராளம்." சீட்டை அதிகம் இறக்கினால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், ஹேண்டில் தூரமானால் உடம்புப் பாரம் கையில் இறங்கி விரல் மரக்கும் என்றார். பஞ்சருக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

கடைக்குப் போனேன். "ஓட்டுன வண்டியை மாத்த முடியாதுண்ணே." பில்லைக் காட்டலாம் என்று தேடினால், என்னிடம் இருப்பது மேலே 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச்சீட்டு. பிரேம் எண் கிடையாது, கடை முத்திரை கிடையாது. ஜிபே போனதும் கடைப் பெயருக்கு இல்லை, ஏதோ ஒரு தனி ஆள் பெயருக்கு. 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் செய்யலாம், எல்லாம் தெரியும். எதை வைத்து? கடைப் பெயரை எழுதாததும் இதனால்தான்.

நீங்கள் வாங்கப் போனால் பிரேம் எண் எழுதிய பில் கேளுங்கள். செருப்போடு பார் கம்பிக்கு மேல் நின்று பாருங்கள், நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி இல்லை என்றால் பையன் என்ன சொன்னாலும் இறங்கிவிடுங்கள். ஹெல்மெட், பம்பு, பஞ்சர் கிட் தவிர முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள்.

வண்டியைப் பக்கத்துத் தெரு வாத்தியாருக்கு 9,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். ஆறடி ஓரங்குலம் அவர். சீட்டை உயர்த்திக்கொண்டு ஞாயிறுதோறும் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போய்வருகிறார். ஜெல் கவரை மட்டும் கழற்றி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார், தேவைப்படவில்லையாம்.