டிரேடிங் புத்தகம் கேட்டுப் போனேன், 35,000 ரூபாயைப் பறித்துக்கொண்டார்கள்: மும்பைத் தமிழர்களுக்கு எச்சரிக்கை

மும்பையில் பங்குச் சந்தைப் பயிற்சி நடத்தும் ஒரு நிறுவனத்திடம் 35,000 ரூபாயை இழந்த ஆத்திரம் அடங்குவதற்கு முன்பே இதை எழுதுகிறேன். சிஸ்டமேட்டிக் டிரேடிங் கற்க நல்ல தொடக்க நூலைத் தேடும் எவரும் இவர்களைப் போன்றவர்களிடம் சிக்கக் கூடாது என்பதால், நடந்ததைச் சொல்லிவிட்டு ஆலோசனையும் தருகிறேன்.

வாங்குவதையும் விற்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்த விதிகளின்படி செய்யும் முறையை அடிப்படையிலிருந்து விளக்கும் புத்தகம் எது என்றுதான் கேட்டேன். அந்தேரி அலுவலகத்தில் இருந்த பயிற்சியாளர், தமிழர்கள் நிறைய வாழும் மாட்டுங்காவிலிருந்து நான் வருவதாகச் சொன்னதும் இந்தியை விட்டுத் தமிழுக்கு மாறினார். "அந்தப் புத்தகமெல்லாம் வெளிநாட்டுச் சந்தைக்கு எழுதினது, தம்பி. நம்ம நிஃப்டிக்கு ஒத்துவராது. நானே எழுதினது இருக்கு, வகுப்போட சேர்த்து எடுத்துக்குங்க" என்றார். தேநீர் வரவழைத்து, என் சொந்த ஊரையும் வேலையையும் விசாரித்து, தம் விதிகளைப் பழைய விலைகளில் சோதித்துப் பார்த்த கணக்கு (பேக்டெஸ்ட்) என்று, தம் கணினியில் சரிவே இல்லாமல் ஏறிய ஒரு வரைபடத்தையும் காட்டினார். உடன்பிறந்தவரைப் போலப் பேசும் ஒருவரை நம்பி, அந்த மேசையிலேயே யுபிஐ வழியாக 35,000 ரூபாயைச் செலுத்தினேன்.

கைக்கு வந்தது ஸ்பைரல் பைண்டிங் செய்த ஜெராக்ஸ் தாள்கள். அவற்றிலுள்ள விதிகள் அனைத்தும், வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியை முன்பே குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஆப்ஷன் ஒப்பந்தங்களின் வாராந்திர எக்ஸ்பைரியை (காலாவதியை) நம்பியவை. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் கட்டுப்பாடுகளைத் தொடர்ந்து அந்த வாராந்திர ஒப்பந்தங்களோ 2024 நவம்பரிலேயே நிறுத்தப்பட்டுவிட்டன. சந்தையில் இல்லாத ஒன்றில் வணிகம் செய்யும் விதிகளுக்கு 35,000 ரூபாய்! அந்த வரைபடத்திலும் தரகுக் கட்டணம், எஸ்டிடி எனும் பங்குப் பரிவர்த்தனை வரி, ஸ்லிப்பேஜ் (எதிர்பார்த்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) எதுவுமே கழிக்கப்படவில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, அக்கவுண்ட்ஸ் பிரிவில் பேசுங்கள் என்றார்கள். அங்கே கேட்டால், பயிற்சியாளர் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். அவரோ முதலில் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார், பிறகு அழைப்பையே எடுக்கவில்லை. நேரில் போய் நின்றபோது, "ரசீதுக்குப் பின்னாடி படிச்சுப் பாருங்க சார், ரீஃபண்ட் கிடையாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

புத்தகம்தான் வேண்டுமென்றால், முன்னாள் ஹெட்ஜ் ஃபண்ட் (முதலீட்டு நிதி) மேலாளர் ராபர்ட் கார்வர் 2019இல் எழுதிய 'லெவரேஜ்டு டிரேடிங்' நூலில் தொடங்குங்கள். வாங்கி விற்க ஒரே ஒரு பொருள், ஒரே ஒரு எளிய விதி என்று ஆரம்பித்து, செலவையும் ரிஸ்க்கையும் கணக்கிடச் சொல்லித் தருகிறார். அந்தக் கணக்கு எந்தச் சந்தைக்கும் பொருந்தும். 2015இல் வந்த அவருடைய 'சிஸ்டமேட்டிக் டிரேடிங்' அதற்கு அடுத்த படி.

செலவு கழிக்காத பேக்டெஸ்டை நம்பாதீர்கள். ஃப்யூச்சர்ஸ் (முன்பேர ஒப்பந்தங்கள்), ஆப்ஷன்ஸ் பிரிவில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்ததாகச் செபியின் ஆய்வே சொல்கிறது. நிச்சய லாபம் என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ரசீதின் பின்பக்கத்தைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்; 35,000 ரூபாயும் திரும்பி வரும்வரை இவர்களை விடப்போவதில்லை.