இழைப்புளியா, பிளேனர் மிஷினா?

38 வயதில் தச்சு பழக ஆரம்பித்தேன். முதல் சாமான், வேப்பம்பலகையில் ஒரு முக்காலி. பலகையைச் சமன் செய்ய கையால் இழைக்கும் இழைப்புளி, மின்சார பிளேனர் மிஷின் இரண்டையும் சில மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, நடுத்தர அளவான நாலாம் நம்பர் இரும்பு இழைப்புளியோடு நின்றுவிட்டேன்.

வேகம் மிஷினுக்குத்தான், அதில் பேச்சே இல்லை. சத்தமும் தூளும் கூடவே வரும். பலகையின் கடைசி முனையில் கை அழுத்தத்தைப் பின்பக்கம் மாற்றாவிட்டால் குழி பறித்துவிடும். இழைப்புளியிலும் அந்தத் தவறு நடக்கும், ஆனால் ஒரு சீவலோடு போய்விடும்.

எனக்கு முடிவைச் சொன்னது தீட்டுகிற வேலைதான். பழைய கதவுப் பலகை ஒன்றில் தலை போன ஆணி ஒளிந்திருந்தது. மிஷின் பிளேடு நிமிடத்துக்குச் சுமார் 16,000 சுற்று சுற்றுவது. பட்டவுடன் இரண்டு பிளேடும் முனை உடைந்தன. அது கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள், சாதாரணக் கல்லில் தீட்ட முடியாது. ஒருமுறை திருப்பிப் போடலாம், அப்புறம் புதிதுதான்.

அதே பலகையில் இன்னொரு ஆணி என் இழைப்புளியையும் பதம் பார்த்தது. தகட்டைக் கழற்றி, கண்ணாடித் துண்டின் மேல் 220, 400, 1000 என்று (எண் கூடக்கூட நைசானது) எமரித் தாளை மாற்றி மாற்றித் தேய்த்தேன். கூர் முனையில் உள்ள சரிவின் நீளம் தகட்டுத் தடிமனைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் கோணம் 30 பாகை. அளக்கக் கருவி வேண்டாம். தேய்க்கத் தேய்க்க மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். அது விளிம்பு முழுக்க விரலில் தட்டுப்பட்டதும் தகட்டைத் திருப்பி, மட்டமாக வைத்து அதை எடுத்துவிட வேண்டும். அரை மணி நேரம் ஆயிற்று. அடுத்த இழுப்பில் சீவல் சுருண்டு வந்தது.

இந்தக் கைப்பழக்கம் உளிக்கும் அப்படியே உதவுகிறது. முக்காலியின் கால் துளைகள் சுத்தமாக விழுந்ததே அதற்குப் பிறகுதான். தேக்கில் வேலை செய்தால் இன்னும் அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும். அந்த மரத்தில் இருக்கும் சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) தகட்டின் கூர்மையைச் சீக்கிரம் மழுக்கிவிடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: கட்டில், கதவு மாதிரி பெரிய வேலை எதுவும் நான் செய்ததில்லை. ஆறடிக்கு மேல் நாலைந்து பலகை இழைப்பதென்றால் மிஷினை வாடகைக்கு எடுப்பேன் என்றுதான் நினைக்கிறேன். வேம்பில் நார் மாறி மாறி ஓடுவதால் எப்படியும் சில இடம் பிய்யும். கடைசி இழைப்பு மட்டும் அப்போதும் கையால்தான், அன்று காலை தீட்டிய தகட்டோடு.