சைக்கிளா, டிரெட்மில்லா, ரோயிங்கா, அடுக்குமாடி புளோக் படியா? ஸ்கூபா போகிறவருக்கு எது உதவும்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. மலேசியாவின் தியோமான் தீவில் டைவிங் கடைகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். மார்ச்சில் அங்கே போக மெர்சிங்கில் படகேறும்போது, நாலு மாதமாக ஃபின் (நீந்தக் காலில் மாட்டும் துடுப்பு) மாட்டாத கால்களோடுதான் பலரும் போகிறார்கள். சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவில் இடையிடையே இறங்கலாம் என்றாலும், வார இறுதி மழைக்கும் அலையின் நேரத்துக்கும் ஒத்துவர வேண்டும். ஆக, வீட்டிலோ ஜிம்மிலோ செய்கிற கார்டியோதான் கைகொடுக்கும். எந்தக் கருவியில் செய்வது என்பதுதான் கேள்வி.

எது அதிகக் கலோரி எரிக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் தப்பாகிவிடும். நீருக்கடியில் பெரும்பாலான நேரம் வேலை குறைவு. திடீரென நீரோட்டம் தள்ளும்போது இரண்டு மூன்று நிமிடம் பலமாக உதைக்க வேண்டியிருக்கும். அதன் பிறகு மூச்சு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 20 மீட்டர் ஆழத்தில் காற்றின் அடர்த்தி மேலே இருப்பதைப்போல் மூன்று மடங்கு. இழுத்து விடுவதே ஒரு வேலை. மேல்மூச்சாக வாங்கினால் கரியமில வாயு சரியாக வெளியேறாது. அது சேரச் சேரப் பதற்றம் கூடும்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 11.1 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்று அடைத்தால் சுமார் 2,200 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் இழுப்பவர் 20 மீட்டரில் 45 லிட்டர் செலவழிப்பார். இரைக்க இரைக்க 40 லிட்டர் இழுத்தால் அதுவே 120 ஆகிவிடும்.

டைவிங் மருத்துவப் படிவம் 1.6 கிலோமீட்டரை 14 நிமிடத்தில் நடக்கவோ, 200 மீட்டரை நிற்காமல் நீந்தவோ சிரமமா என்று கேட்கிறது. சமதரையில் அந்த நடை ஏறக்குறைய 5 முதல் 6 மெட்தான். (சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆக்சிஜன் 1 மெட்.) அது அடிமட்ட அளவு. நீரோட்டத்தில் இறங்குபவர் 6 மெட் வேலையை அரை மணி நேரம் நிதானமாகவும், 10 மெட் வேலையை ஓரிரு நிமிடமும் செய்யுமளவுக்குப் பழகிக்கொள்வது நல்லது.

முதல் இடம் சைக்கிளுக்கு. காரணம் கால் மட்டுமில்லை. குமிழைத் திருப்பினால் இரண்டு விநாடியில் பளு ஏறும், இறங்கும். உட்கார்ந்த இடத்திலேயே மூச்சைக் கவனிக்கலாம், கைகள் சும்மா இருக்கும். பலமாக உதைத்துவிட்டு உடனே அடங்குவதைப் பழக இதைவிடத் தோதான கருவி இல்லை. 70 கிலோ எடையுள்ளவருக்கு 100 வாட்ஸ் சுமார் 6.4 மெட், 150 வாட்ஸ் 8.6 மெட்.

முதலில் இருக்கையைச் சரிசெய்யுங்கள். மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும்; ஏறியிருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். பத்து நிமிடம் இலேசாக மிதித்துவிட்டு, 2 நிமிடம் பலமாக, 2 நிமிடம் மெதுவாக என ஆறு சுற்று. பலமான பகுதியில் நிமிடத்துக்கு 65 முதல் 70 சுற்று போதும், பளுவைக் கூட்டுங்கள். ஃபின் உதையும் மெதுவான, கனமான உதைதானே! பளு குறைந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள்: மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை வாயால் விடுகிற நிலைக்கு எத்தனை விநாடியில் வருகிறீர்கள்? அதைக் குறித்து வையுங்கள். வாரத்துக்கு வாரம் அந்த எண் இறங்கினால் பயிற்சி பலிக்கிறது.

டிரெட்மில்லில் ஓடத் தேவையில்லை, சாய்வில் நடந்தாலே போதும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் 6 சதவீதச் சாய்வு ஏறக்குறைய 6 மெட். 6 கிலோமீட்டர் வேகத்தில் 12 சதவீதம் என்றால் 10 மெட். இவ்வளவு துல்லியமாகப் பளுவை நிர்ணயிப்பதில் இதற்கு இணையில்லை. கெண்டைக்கால், பின்தொடை இரண்டும் வேலை செய்யும். ஆனால் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால் இந்தக் கணக்கு அத்தனையும் பொய். எந்த ஜிம்மிலும் பாருங்கள், பாதிப்பேர் அப்படித்தான் நடக்கிறார்கள். சாய்வு இறங்க நேரமெடுப்பதால் சுற்றுப் பயிற்சிக்குத் தோதில்லை. நீண்ட நிதான நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாய்வை வாரத்துக்கு 1, 2 சதவீதத்துக்கு மேல் கூட்டினால் குதிகால் தசைநாண் முறைத்துக்கொள்ளும்.

ரோயிங் மெஷினைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். உடல் முழுக்க வேலை என்பது உண்மைதான். ஆனால் மூச்சு துடுப்பின் தாளத்துக்குக் கட்டுப்பட்டுவிடுகிறது, முன்னால் குனியும்போது வயிறு அழுந்துகிறது. மூச்சை விருப்பப்படி நீட்டிப் பழகுவது கடினம். முதுகு நல்ல நிலையில் இருப்பவர் வாரம் ஒருமுறை செய்யலாம். காற்று விசிறி உள்ள கருவியில் டாம்பரை (விசிறிக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) 10இல் வைப்பது பொதுவான தவறு. 3 முதல் 5 வரை போதும். வேகம் காலிலிருந்து வரட்டும். நிமிடத்துக்கு 20 முதல் 24 இழுப்பு. கால், முதுகு, கை என்ற வரிசையில் தள்ளி, கை, முதுகு, கால் என்று திரும்புங்கள். கான்செப்ட்2 நிறுவனத்தின் ரோயிங் கருவித் திரையில் 500 மீட்டருக்கு 2 நிமிடம் 30 விநாடி என்றால் சுமார் 104 வாட்ஸ், 2 நிமிடம் என்றால் 203. வெறும் 30 விநாடிக்கு அந்தப் பாடு! வீட்டுக்கு வாங்குமுன் இன்னொன்று: நீளம் ஏறக்குறைய 2.4 மீட்டர். வீவக அடுக்குமாடி வீட்டு ஹாலில் சோபாவையா அதையா வைப்பது என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

புளோக் படிக்கட்டுக்குச் செலவே இல்லை. அது தருவதை வேறெந்தக் கருவியும் தருவதில்லை: எடையைச் சுமந்து ஏறுவது. படகின் ஏணியில் சிலிண்டரும் எடைக்கட்டும் முதுகில் இழுக்க ஏறும்போதுதான் பலருக்கு மூச்சு முட்டுகிறது. வெறுங்கையோடு தொடங்கி, சில வாரங்களில் பையில் 5 கிலோ, பிறகு 8 கிலோ அரிசி வைத்து ஏறுங்கள். இறங்க மின்தூக்கி, படியில் இறங்குவதுதான் முழங்காலைப் பதம்பார்க்கும். கடைசிப் படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை 15 முறை வீதம் மூன்று சுற்று செய்தால், ஃபின்னால் வரும் கெண்டைக்கால் பிடிப்பு குறையும். புகைமூட்ட நாளில் மட்டும் படிக்கட்டு வேண்டாம், பெரும்பாலும் திறந்த வெளிதான்.

எலிப்டிகல் கெடுதல் இல்லை, முழங்கால் வலி உள்ளவருக்கு மாற்று. ஸ்கிப்பிங்கைக் கீழ்வீட்டுக்காரர் மன்னிக்க மாட்டார்.

வாரத்துக்கு இரண்டு நாள் சைக்கிள், ஒரு நாள் படிக்கட்டு, நேரமிருந்தால் 40 நிமிடச் சாய்வு நடை. எட்டு வாரம் முன்பே தொடங்கினால் பயணத்துக்குள் பலன் தெரியும். டைவிங் பயிற்சி என்ற பேரில் கருவியில் மூச்சடக்கிப் பழகுவது, காற்றைத் தடுக்கும் முகமூடி மாட்டிக்கொள்வது இரண்டும் வேண்டாம். ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது.

45 வயதைத் தாண்டியவரும், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவரும் பலமான சுற்றுகளுக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்கு இதயத்துடிப்பு உழைப்புக்கேற்ப ஏறாது, கைக்கடிகாரத்தின் எண்ணை நம்பாதீர்கள். ஒரு வாக்கியத்தைத் தடையில்லாமல் பேச முடிகிறதா என்பதே அளவு.

கடைசிக் கடும்பயிற்சி பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே முடிந்துவிட வேண்டும். டைவ் முடித்த அன்று மாலை ரிசார்ட் ஜிம் காலியாக இருக்கிறதே என்று ஏறாதீர்கள். திசுக்களில் கரைந்த நைட்ரஜன் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். கடும் உழைப்பும் பாரம் தூக்குவதும் அந்த நேரத்தில், நைட்ரஜன் உடலுக்குள் குமிழாகிவிடும் குமிழ் நோய்க்கு வழிவிடலாம். குறைந்தது 24 மணி நேரம் பொறுத்திருங்கள்.