சாப்பாட்டுக் கிழங்கா, ஆலைக் கிழங்கா: மரவள்ளி நடுமுன் பார்த்த கணக்கு

மரவள்ளிதான் என்று முடிவான பிறகும், உண்ணும் ரகத்தை நடுவதா, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போகும் ரகத்தை நடுவதா என்ற கேள்வி எனக்கு இரண்டு பட்டங்களாகத் தீராமல் இருந்தது. இராசிபுரம் பக்கத்தில் உள்ள மூன்று ஏக்கரிலும் இந்த ஆண்டு ஆலை ரகத்தையே நட்டுவிட்டேன். அந்த முடிவுக்கு வருமுன் இந்தியாவில் இப்பயிர் ஐம்பது ஆண்டுகளில் எப்படி நகர்ந்திருக்கிறது என்று பார்த்தது எனக்குப் பெரிதும் உதவியது.

உண்ணும் கிழங்கின் கதை கேரளத்தின் கதை. 1880களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஊக்குவித்த பயிர், இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது ஏழை வீடுகளின் முதன்மை உணவானது. 1970களின் நடுவில் அங்கே மூன்று லட்சம் எக்டேருக்கும் மேல் மரவள்ளி நின்றது. பிறகு அரிசி எளிதாகக் கிடைத்தது, ரப்பர் நல்ல விலை தந்தது, கூலி ஏறியது. இன்று அந்தப் பரப்பு ஒரு லட்சம் எக்டேருக்கும் கீழே போய்விட்டது.

ஆலைக் கிழங்கின் கதை சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களின் கதை. அதே போர்க்காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றுபோனதால் சேலத்தில் இத்தொழில் வேரூன்றியது. திருவனந்தபுரத்தில் 1963இல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971இல் வெளியிட்ட எச்-165, எச்-226 ரகங்களில், பின்னது கேரளத்து அடுப்பைவிட நம் பக்கத்து ஆலைகளுக்கே அதிகம் பயன்பட்டது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்ததும், ஆலைக்காரர்கள் ஜவ்வரிசியையும் ஸ்டார்ச்சையும் ஏலத்தில் விற்க ஓரிடம் கிடைத்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நாட்டின் மொத்தப் பரப்பு 1970களில் இருந்ததில் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. ஆனால் 2008 முதல் 2010 வரையிலான ஆண்டுகளில் விளைச்சல் 80 லட்சம் டன்னைத் தாண்டியது; 1970களின் உச்சத்தைவிட இது அதிகம். உலகச் சராசரி எக்டேருக்குப் பத்துப் பதினொரு டன் என்றிருக்க, இந்தியச் சராசரி முப்பது டன்னுக்கு மேல் நிற்பதற்குத் தமிழ்நாட்டில் தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் இறவைப் பயிர் ஒரு முக்கியக் காரணம். அதே தண்ணீர்தான் பலவீனமும்: 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததை ஒட்டி, நாட்டின் உற்பத்தி 50 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியது.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது விளைச்சல் அல்ல, வெட்டிய பிறகு கிழங்கு எத்தனை நாள் தாங்கும் என்பதுதான். மண்ணை விட்டு வெளியே வந்த மரவள்ளிக்கு இரண்டு மூன்று நாள்களே ஆயுள். அதற்குள் சதையில் நீலக் கருங்கோடுகள் ஓடிவிடும், அதன்பின் அதை யாரும் சமையலுக்கு வாங்குவதில்லை. உருளைக்கிழங்கைப் போலக் கிடங்கில் போட்டு விலைக்குக் காத்திருக்க இதில் வழியில்லை. ஒரு ஏக்கரில் பன்னிரண்டு டன் கிழங்கு வந்தால், சந்தைக்குச் சில மூட்டைகளாகப் பிரித்து அனுப்ப வாரக்கணக்கில் தினமும் ஆள் பிடித்து வெட்ட வேண்டும். அதுவரை செடி நிலத்தைப் பிடித்துக்கொண்டே நிற்கும், முற்றிய கிழங்கில் நாரும் ஏறும். ஆலைக்கு என்றால் ஒரே நாளில் வெட்டி, அன்று மாலையே லாரி ஏற்றி, மறுநாள் அடுத்த பயிருக்கு உழவு ஓட்டலாம். கேரளத்தில் வீட்டுக் கொல்லையிலிருந்து அன்றாடம் பிடுங்கித் தின்ற காலம்வரை இந்தக் குறை யாரையும் உறுத்தியிருக்காது. கிழங்கு விற்பனைச் சரக்காக மாறும்போதுதான், அதை ஒரே நாளில் வாங்கிக்கொள்ளும் ஆலை பக்கத்தில் இருக்கிறதா என்பது பயிரின் தலையெழுத்தாகிவிடுகிறது.

விலையைப் பொறுத்தவரை ஆலை வழி நிம்மதியானது என்று சொல்ல மாட்டேன். அங்கே கிழங்குக்கு மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் அளந்துதான் பணம். நல்ல மழைக்குப் பின் செடி புதிதாகத் துளிர்க்கும் வேளையில் வெட்டினால் பாயிண்ட் குறைகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் வெட்டும் மாதங்களில் விலையும் இறங்குகிறது. உண்ணும் ரகத்தில் சில வாரங்கள் கிலோவுக்கு ஆலையைவிட நல்ல விலை கிடைத்தது உண்மை. ஆனால் அதை நான் அரை ஏக்கரில் ஒரே ஒரு முறைதான் வைத்திருக்கிறேன். நகரத்துக்கு அருகில் நிலமும் நிரந்தர வாடிக்கையும் உள்ளவருக்குக் கணக்கு வேறாகலாம்.

நோய்களில் பெரிய வேறுபாடு காணவில்லை. வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய் இரண்டிலும் வரும். நோயுள்ள செடியின் குச்சியை நட்டால் அடுத்த ஆண்டும் அதுவே தொடரும். 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு நம் மாவட்டங்களையும் தாக்கிய மாவுப்பூச்சிக்கு எதிராக, ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து தருவிக்கப்பட்ட அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை 2022 முதல் வயல்களில் விடுகிறார்கள். குளவியை விட்ட இடத்தில் மருந்தடித்தால் குளவியும் சாகும் என்பதால், என் வயலில் தெளிப்பை நிறுத்திவிட்டேன். விதைக்குச்சிக்காக, இலையில் தேமல் இல்லாத செடிகளில் இப்போதே கயிறு கட்டி வைத்திருக்கிறேன்.